ஈரல் புற்றுநோயும் வன்னிச் சாப்பாடும்: கச்சானைக் குற்றம் சொல்லும் முன்

கேள்வி இதுதான். ஒட்டுசுட்டானுக்கு அருகிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருடைய அத்தானுக்கு ஐம்பத்து நான்கு வயது. மதுவின் பக்கமே போகாதவர். சலரோகம் (நீரிழிவு) மட்டும் பல வருடமாக உண்டு. வயிற்று ஸ்கானில் ஈரலில் கட்டி தெரிந்து, புற்றுநோய் என்று இப்போது உறுதியாகிவிட்டது. ஊரில் ஒருவர் கருவாடுதான் காரணம் என்கிறார், இன்னொருவர் வயலுக்கு அடிக்கும் மருந்து என்கிறார், மற்றவர் கச்சான் (நிலக்கடலை) என்கிறார். அத்தானுக்கு என்ன சமைத்துக் கொடுப்பது, வீட்டில் மற்றவர்கள் எதை விடுவது, அறையில் கிடக்கும் மூன்று மூட்டைக் கச்சானை என்ன செய்வது என்று கேட்கிறார்.

தங்கச்சி, அத்தானுக்கு ஏன் வந்தது என்பதை அவருடைய சாப்பாட்டைக் கேட்டறிந்து எவராலும் அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் ஊர் சொல்லும் மூன்று காரணங்களில் முதல் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம். மூன்றாவதில் உண்மை இருக்கிறது, அதை விரிவாகவே சொல்லவேண்டும். எல்லாவற்றிலும் பெரியதை ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் கேள்வியில் அது ஒரு சொல்லாக வந்து போகிறது: சலரோகம்.

ஈரல் புற்றுநோய் பெரும்பாலும் நல்ல ஈரலில் திடீரென்று முளைப்பதில்லை. ஏதோ ஒன்று வருடக்கணக்காக ஈரலைப் புண்ணாக்குகிறது. புண் ஆறும் இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு பெருகி ஈரல் இறுகிச் சுருங்குகிறது. வைத்தியர்கள் சிரோசிஸ் என்று சொல்வது இந்த நிலையைத்தான். இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேரளவில் ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவர்கள். ஆகவே சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது, 'எந்தச் சாப்பாடு புற்றுநோயைக் கொண்டுவரும்' என்பதைவிட, 'எது ஈரலை வருடக்கணக்கில் புண்ணாக்கும்' என்று கேட்பதுதான் பயன் தரும்.

உலக அளவில் அந்த வேலையை அதிகம் செய்வது சாப்பாடு அல்ல, ஹெப்படைட்டிஸ் பி, சி என்ற இரண்டு வைரசுகள். இவை இரத்தத்தாலும் உடலுறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகின்றன. ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் பரவுவதில்லை. இலங்கையில் இவை இரண்டும் குறைவு. 2003 முதல் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. போர்க்காலத்தில் காயப்பட்டு அவசரமாக இரத்தம் ஏற்றப்பட்டவர்கள் வன்னியில் எத்தனையோ பேர். அப்படி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், பயப்படுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக ஒருமுறை பி, சி இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இப்போது மருந்து இருக்கிறது. சி வைரசைப் பெரும்பாலானவர்களில் முற்றாகவே அகற்றிவிடலாம்.

இதோடு சேர்த்து இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2009 இல் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக்பாம் முகாம்களில் செங்கண்மாரி பரவியது. 'அப்போது எனக்கு வந்தது, அது பின்னாளில் புற்றுநோயாகுமா' என்பது கேள்வி. அங்கே பரவியது ஹெப்படைட்டிஸ் ஏ, அழுக்குத் தண்ணீராலும் உணவாலும் தொற்றுவது. அது வந்தால் வந்து போகும். ஈரலில் தங்கியிருந்து நாட்பட்ட நோயாக மாறுவதில்லை. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இனிச் சலரோகத்துக்கு வருகிறேன். சலரோகம் உள்ளவருக்கு ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. சலரோகமும் ஈரலில் கொழுப்புப் படிவதும் ஒரே கட்டிலில் படுக்கும் நோய்கள். கம்பஹா மாவட்டத்து ராகமையில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வில் நடுவயதினர் மூவரில் ஒருவருக்கு, சரியாகச் சொன்னால் 32.6 வீதமானவர்களுக்கு, மது காரணமில்லாத கொழுப்பீரல் இருந்தது. இலங்கையில் ஈரல் புற்றுநோயுடன் வருபவர்களில் பெரும்பாலானவர்களிடம் வைரசு இருப்பதில்லை. மதுவும் கொழுப்பீரலும்தான் இங்கே முன்னணியில் நிற்கின்றன. மது தொடாத, சலரோகம் உள்ள ஐம்பத்து நான்கு வயது மனிதர் என்றதும் வைத்தியர் முதலில் நினைப்பது இதைத்தான்.

'அத்தான் கொழுத்த ஆள் இல்லையே' என்று சொல்வீர்கள். தெற்காசிய உடம்பில் கொழுப்பு கையிலும் காலிலும் தெரியாமல் வயிற்றுக்குள் சேர்ந்துவிடும். அதனால்தான் எமக்கு இடுப்பளவின் எல்லையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. மெலிந்த கையும் முன்தள்ளிய வயிறுமாக இருக்கும் நடுவயது மனிதரைக் கிளிநொச்சிச் சந்தையில் ஐந்து நிமிடம் நின்றால் எத்தனை பேரைக் காணலாம் என்று பாருங்கள்.

அந்தக் கொழுப்பு எண்ணெயிலிருந்து மட்டும் வருவதில்லை. உடம்பு எரிக்கும் அளவுக்கு மேல் சோறும் மாவும் சீனியும் போகும்போது, மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. சீனியில் பாதி புரக்டோசு. அது முக்கியமாக ஈரலில்தான் கையாளப்படுகிறது. எங்கள் அப்பு கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டார் என்பது உண்மை. அவர் விடியப் புறப்பட்டு வயலில் எருமையுடன் நடந்தார், கதிரைக் கையால் அறுத்தார், சூட்டைத் தலையில் சுமந்தார். இன்று உழவு இயந்திரம் உழுகிறது, அறுவடை இயந்திரம் அறுத்து மூட்டையும் கட்டுகிறது, கடைக்குப் போக மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சோற்றின் அளவு மட்டும் அப்புவின் காலத்திலேயே நின்றுவிட்டது. மத்தியானம் அந்தச் சோறு, இரவில் வெள்ளைமாப் பிட்டு அல்லது பாணும் சம்பலும், ரவுனுக்குப் போனால் கொத்துரொட்டி.

தேநீரை மறந்துவிடாதீர்கள். எங்கள் பகுதியில் யார் வீட்டுக்குப் போனாலும் பிளேன்ரீ வரும், வேண்டாம் என்றால் மனம் நோவார்கள். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி என்று வைத்தால் 15 கிராம். ஒரு நாளில் ஐந்து கோப்பை என்றால் 75 கிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்எல்லை ஏறக்குறைய 50 கிராம், அதை 25 ஆகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். இதற்கு மேலே சோடா வேறு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற ஏறக்குறைய 99,000 பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2023 இல் வெளியானது. நாளுக்கு ஒரு தடவையாவது சீனி போட்ட குளிர்பானம் குடித்தவர்களில், மாதத்துக்கு மூன்று தடவை அல்லது அதற்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட, ஈரல் புற்றுநோய் 85 வீதம் அதிகமாக இருந்தது. இப்படியான ஆய்வு ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபிக்காது. ஆனாலும் கோயில் திருவிழாவில் பிள்ளைக்குச் சோடா வாங்கிக் கொடுப்பதையும், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு லீற்றர் போத்தலை எப்போதும் வைத்திருப்பதையும் நான் ஒன்றாகப் பார்க்கமாட்டேன்.

வீட்டில் மற்றவர்கள் எதை மாற்றுவது என்றால் என் பதில் இங்கேதான் தொடங்குகிறது. சோற்றை விடச் சொல்லவில்லை, பாதியாக்குங்கள். மொட்டைக்கறுப்பன் போன்ற சிவப்பரிசி தீட்டாமல் கிடைத்தால் அதை எடுங்கள். நார்ச்சத்து இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறைகிறது, சீனியும் இரத்தத்தில் மெதுவாக ஏறுகிறது. கோப்பையில் சோறு விட்ட இடத்தை முருங்கை இலை, பயற்றங்காய், கத்தரி, பயறு, கௌபி, மீன் இவற்றால் நிரப்புங்கள். தேநீரில் சீனியை ஒரே நாளில் நிறுத்தினால் எவரும் தாக்குப்பிடிப்பதில்லை. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி என்று குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பனங்கட்டி கடித்துக் குடித்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரலுக்கு அதுவும் சீனிதான். கொழுப்பீரல் என்று ஸ்கானில் வந்தவருக்கு எடையில் 7 முதல் 10 வீதம் குறைந்தாலே ஈரலின் அழற்சி பெரும்பாலும் தணிகிறது. எண்பது கிலோ உள்ளவர் ஆறிலிருந்து எட்டுக் கிலோ குறைக்கவேண்டும், அவ்வளவுதான். இதற்கு மாத்திரை தேடி அலையத் தேவையில்லை.

மதுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டில் அண்ணன் தம்பிமார் இருப்பார்கள். 2015 இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் உலக ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, நாளுக்கு ஏறக்குறைய 45 கிராம் மதுசாரத்துக்கு மேல் குடிப்பவர்களில் ஈரல் புற்றுநோய் கூடுவது உறுதி என்று முடிவு சொன்னது. அதை எங்கள் கணக்குக்கு மாற்றினால் கால் போத்தல் சாராயம். அதில் ஐம்பது கிராமுக்குக் கிட்ட மதுசாரம் இருக்கிறது. ஸ்ட்ரோங் பியர் என்று விற்கும் பெரிய போத்தல் ஒன்றிலும் நாற்பது கிராமுக்கு மேல் உண்டு, 'நான் பியர் மட்டும்தான்' என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கள்ளில் வீதம் குறைவு, ஆனால் யாரும் ஒரு பிளாவோடு எழும்புவதில்லை. கசிப்புக்கு அளவும் இல்லை, லேபலும் இல்லை. அதில் என்ன கலந்தது என்பது வடித்தவனுக்கே தெரியாது. சலரோகமும் மதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஈரலுக்கு இரட்டை அடி. கொழுப்பீரலோ சிரோசிஸோ இருப்பவருக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் நான் சொல்லமாட்டேன்.

கச்சானுக்கு வருவோம். கச்சான் நல்ல சாப்பாடு. புரதமும் நல்ல கொழுப்பும் உள்ளது, வன்னி மண்ணில் நன்றாக விளைவது, வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்விட்டுக் கச்சான் சரை இல்லாமல் திரும்பிய ஆளை நான் கண்டதில்லை. குற்றம் கச்சானில் இல்லை, அதில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணத்தில் இருக்கிறது. அஸ்பெர்ஜிலஸ் என்ற அந்தப் பூஞ்சணம் அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960 இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் போனபோது, தீவனத்தில் கலந்திருந்த கச்சான் பிண்ணாக்கில் இந்த நஞ்சு அகப்பட்டது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமே இல்லாத பொருள்களின் பட்டியலில் இன்று அது இருக்கிறது.

அது உடம்புக்குள் போனால் ஈரல் அதை உடைத்து வெளியேற்றப் பார்க்கிறது. உடைக்கும்போது பிறக்கும் துண்டொன்று ஈரற்கலத்தின் மரபணுவில் ஒட்டிக்கொண்டு, கலங்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53 என்ற மரபணுவை ஒரு குறிப்பிட்ட இடத்தில் கெடுக்கிறது. சீனாவிலும் தென்னாபிரிக்கப் பகுதிகளிலும் நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள் 1991 இல் அதே இடத்தில் அதே பழுதை மீண்டும் மீண்டும் கண்டார்கள். ஷங்காயில் 18,000 க்கு மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு இதைவிட அச்சமூட்டுவது. இந்த நஞ்சு மட்டும் உடம்பில் தெரிந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஹெப்படைட்டிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய அறுபது மடங்கு. மேலே நான் இரத்தப் பரிசோதனையை வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வறுத்தால் நஞ்சு போய்விடும் என்று எம்மவர் நம்புகிறார்கள். பூஞ்சணம் செத்துவிடும், நஞ்சு சாகாது. அது முற்றாகச் சிதைய 240 பாகை செல்சியசுக்கும் மேல் சூடு வேண்டும். மணலில் வறுக்கும்போது ஒரு பங்கு குறையும், அவிப்பதையும் நம்பியிருக்க முடியாது. ஆனால் இந்த நஞ்சு மூட்டை முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை, சில பருப்புகளில் குவிந்து கிடக்கிறது. அந்தச் சிலவற்றை வெளியே எடுத்துவிட்டால் பெரும்பகுதி போய்விடும். அதற்குத் தேவை ஒரு சுளகும், பகல் வெளிச்சமும், அவசரமில்லாத ஒரு கையும்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஓர் அம்மா இதைச் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கோது உடைத்த பருப்பைச் சுளகில் ஒரு கை அளவு மட்டும் போட்டுப் பரப்புவார். கூடப் போட்டால் ஒன்றின் கீழ் ஒன்று ஒளிந்துவிடும் என்பார். தோல் சுருங்கியது, நிறம் மங்கிக் கறுத்தது, கீறல் விழுந்தது, பச்சை மஞ்சள் தூள் ஒட்டியது, முளை கிளம்பியது எல்லாம் இடது பக்கம் ஒதுங்கும். சந்தேகம் என்றால் பருப்பை இரண்டாகப் பிளந்து உள்ளே பார்ப்பார், வெளியே சிவந்து அழகாக இருக்கும் சிலவற்றின் நடுவில் சாம்பல் படிந்திருக்கும். எல்லாம் சரியாகத்தான் போனது, ஒதுக்கிய குவியலைக் கோழிக்கு வீசும் வரை. நாங்கள் எல்லோரும் செய்வது இதுதான். அந்த நஞ்சு கோழியின் ஈரலையும் கெடுக்கும். மாட்டுக்குப் பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைக் கொடுத்தால் அதன் பங்கு பாலில் வந்து பிள்ளையின் கோப்பைக்கே திரும்பும். ஒதுக்கியதை ஆழமாகப் புதையுங்கள்.

தெரிந்து ஒதுக்குவதற்கு முன்பே, காய வைப்பதில் இதைத் தடுத்துவிடலாம். காலபோகத்து மழையோடு விதைத்த கச்சானைப் பிடுங்கும் தைமாசியில் சில வருடம் மழை விடாது. இந்தியாவில் 1974 இல் அறுவடை நேரத்து மழையில் நனைந்த சோளத்தைச் சாப்பிட்டு ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். ஈரம் அவ்வளவு பொல்லாதது. மறுபக்கத்தில், விளைச்சலின் கடைசி வாரங்களில் மண் காய்ந்து சூடேறினாலும் நிலத்துக்குள்ளேயே பூஞ்சணம் ஏறிவிடும். கறையான் கடித்ததும் மண்வெட்டி வெட்டியதும் அதற்கு வாசல். ஆகவே முற்றியதும் பிடுங்குங்கள், வெட்டுப்பட்ட காய்களை அங்கேயே தனியாக்குங்கள், வெறும் நிலத்தில் போடாமல் பாயிலோ படங்கிலோ மெல்லிதாகப் பரப்புங்கள், பின்னேரப் பனிக்கு முன் மூடுங்கள். காயைக் காதருகில் ஆட்டினால் பருப்புக் கிலுகிலுக்க வேண்டும், பருப்பைக் கடித்தால் நெளியாமல் 'டக்' என்று உடையவேண்டும்.

ஆபிரிக்காவில் கினி நாட்டின் கிந்தியாப் பகுதியில் இதே வேலையை இருபது கிராமங்களில் சோதித்தார்கள், முடிவு 2005 இல் வந்தது. பத்துக் கிராமங்களில் கையால் தெரிவது, பாயில் காய வைப்பது, பிளாஸ்ரிக் பைக்குப் பதில் சணல் சாக்கு, சாக்கின் கீழே மரத்தட்டு, சேமிக்கும் இடத்துக்குப் பூச்சிமருந்து, இவ்வளவுதான் மாற்றினார்கள். மற்றப் பத்தில் எதையும் மாற்றவில்லை. அறுவடை முடிந்து ஐந்து மாதத்தில் சோதித்தபோது, மாற்றிய கிராமத்தவரின் இரத்தத்தில் இந்த நஞ்சின் அடையாளம் மற்றவர்களில் இருந்ததில் பாதியளவுகூட இல்லை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. எங்கள் வீடுகளில் யூரியா வந்த உரப்பையைக் கழுவி அதில் கச்சானைக் கட்டி, சீமெந்து நிலத்தில் சுவரோடு சாய்த்து வைக்கிறோம். கினியில் மாற்றிய பிழைகளில் பல அந்த ஒரு மூலையிலேயே இருக்கின்றன.

இதே பூஞ்சணம் சோளம், செத்தல் மிளகாய், கொப்பரா ஆகியவற்றிலும் வரும். 2021 இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளாரொக்சின் பிடிபட்டு நாடே பேசியது நினைவிருக்கும். நெல்லை அவித்த பின் சரியாகக் காயவிடாமல் குவித்தாலும் ஏறும். வீட்டில் புழுங்கலுக்கு அவிப்பவர்கள் மழைநாளில் அவிப்பதைத் தவிர்த்தால் நல்லது. கச்சான் அல்வா, இடித்த தூள், செத்தல் தூள் போன்றவற்றில் பழுதைக் கண்ணால் காணமுடியாது, ஆகவே முழுதாக வாங்கித் தெரிந்து வீட்டில் இடியுங்கள். கடிக்கும்போது ஒரு பருப்புக் கைத்தால் விழுங்காமல் துப்புங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்குங்கள்.

மற்றக் குற்றச்சாட்டுகளைச் சுருக்கமாகத் தீர்க்கிறேன். கருவாட்டுக்கும் ஈரல் புற்றுநோய்க்கும் நம்பத்தகுந்த தொடர்பு இல்லை. சீனப் பாணியில் உப்பிட்ட மீன் மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புடையது, கூடிய உப்பு இரத்த அழுத்தத்துக்கும் இரைப்பைக்கும் கூடாது, ஈரலில் அதை ஏற்றவேண்டாம். வயல் மருந்தைக் கவசமில்லாமல் அடிப்பது பல வகையில் கெடுதல், வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயைப் பற்றிய பேச்சும் அதனோடு கலந்துவிட்டது. ஆனால் அது சிறுநீரகம், இது ஈரல். குளத்து மீனில் ஈரல் புழு வரும் என்று கேள்விப்பட்டவர்கள் தாய்லாந்துச் செய்தியைக் கேட்டிருப்பார்கள். அங்கே ஆற்றுமீனைப் பச்சையாக உண்ணும் வழக்கத்தால் பித்தக்குழாய்ப் புற்றுநோய் வருகிறது. விராலையும் திலாப்பியாவையும் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைக்கும் எங்களுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. ஒடியல் மாவைப் பற்றி இலங்கை ஆய்வாளர்கள் 1970 களில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஈரல் பாதிப்பைக் கண்டார்கள். கூழுக்கு மாவை ஊறவைத்துக் கைப்புத் தண்ணீரை வடித்து, பிறகு நன்றாகக் காய்ச்சும் பழைய முறையை விடாதீர்கள். எப்போதாவது ஒரு நாள் கூழ் குடிப்பவர் அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

குறைக்கும் பக்கத்தில் வலுவான சான்று உள்ள பானம் ஒன்று இருக்கிறது: கோப்பி. நாளுக்கு இரண்டு கோப்பை கூடுதலாகக் குடிப்பவர்களில் ஈரல் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு ஒன்று 2017 இல் காட்டியது. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த எங்கள் கோப்பித்தூளும் பரவாயில்லை, அதில் உண்மையில் கோப்பிக்கொட்டை போதிய அளவு இருந்தால். சீனியைக் கொட்டிக் குடித்தால் வந்த நன்மை வந்த வழியே போகும். கோப்பி பிடிக்காதவர் கட்டாயப்படுத்திக் குடிக்கவேண்டியதில்லை.

மூலிகையில் மட்டும் கடுமையாகச் சொல்லப்போகிறேன், கோபிக்கவேண்டாம். இந்தச் செய்தி பரவியதும் உங்கள் வாசலுக்குக் கீழ்க்காய்நெல்லியோடு யாராவது வந்திருப்பார்கள். அதைப் பற்றி 1988 இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெப்படைட்டிஸ் பி வைரசைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பேர்க்குடன் சேர்ந்து, நம்பிக்கை தரும் முடிவொன்றை வெளியிட்டார்கள். வைரசு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களில் அது மறைந்தது என்றார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. புற்றுநோயைக் கரைக்கும் என்பதற்குச் சான்றே இல்லை. இதைவிட ஆபத்தானது ஈச்சுரமூலி. பாம்புக்கடிக்கும் வயிற்றுக்கும் கொடுக்கும் இந்தக் கொடியிலும், இதே இனத்து ஆடுதீண்டாப்பாளையிலும் அரிஸ்டொலோகிக் அமிலம் இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். தாய்வானில் ஈரல் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டபோது, பெரும்பாலானவற்றில் அதன் தடம் பதிந்திருந்தது. என்ன வேர் என்று தெரியாத கசாயம் எதையும் ஈரல் நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். பரம்பரை வைத்தியரை மதிக்கிறேன். அவரிடமும் பெயரைக் கேட்டு எழுதி வாங்கி, கிளினிக் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அத்தானுக்கு என்ன கொடுப்பது? பத்தியத்தை முதலில் நிறுத்துங்கள். ஈரல் நோய் என்றதும் மீன் கூடாது, முட்டை கூடாது, எண்ணெய் கூடாது என்று கஞ்சியோடு விட்டுவிடுகிறார்கள். நோய்பட்ட ஈரலால் சத்தைச் சேமித்து வைக்க முடியாது. சாப்பாடு குறைந்தால் உடம்பு தன் தசையையே தின்னும், தசை போனவர் சிகிச்சையைத் தாங்கமாட்டார். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டல். அறுபது கிலோ என்றால் எழுபது கிராமுக்கு மேல். உள்ளங்கை அளவு மீன் துண்டில் இருபது கிராமளவு வரும், ஒரு முட்டையில் ஆறு, மீதியைப் பயறும் பருப்பும் பாலும் தரும். ஒரே வேளையில் வற்புறுத்தாமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரவு படுக்குமுன் கட்டாயம் ஏதாவது கொடுங்கள், நீண்ட நேரம் வெறும் வயிறோடு இருப்பது இவர்களுக்குக் கூடாது. சலரோக மருந்து எடுப்பவர் என்பதால் இந்த இரவுச் சாப்பாட்டைக் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைச் சரிபாருங்கள். வயிற்றில் நீர் கட்டினால் உப்பைக் குறைக்கவேண்டும். அப்போது மட்டும் கருவாடு, ஊறுகாய், ரின்மீன் எல்லாம் வெளியே. கறுப்பு மலம், இரத்த வாந்தி, பேச்சுத் தடுமாற்றம், பகலில் அளவுக்கு மீறிய தூக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அத்தானின் சகோதரர்களில் சலரோகமோ முன்தள்ளிய வயிறோ உள்ளவர்கள் ஈரல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்து, வயிற்று ஸ்கான் ஒன்றும் செய்துகொள்ளட்டும். சிரோசிஸ் என்று தெரிந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் செய்து பார்ப்பார்கள். சிறிதாக இருக்கும்போது பிடிபட்ட கட்டியை வெட்டவோ சுட்டு அழிக்கவோ முடியும். நோவு வந்த பிறகு போனால் அந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

மூன்று மூட்டைக் கச்சான் மிச்சம். நல்ல வெயில் நாளில் முற்றத்தில் படங்கு விரித்து, ஒவ்வொரு மூட்டையையும் தனித்தனியாகக் கொட்டுங்கள். வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததும் வரும் மணத்தைக் கவனியுங்கள். முடங்கிய மணமோ, கோதுகளில் பரவலாகப் பச்சைத் தூளோ இருந்தால் அந்த மூட்டையைத் தெரிந்து காப்பாற்றப் பார்க்காதீர்கள், எண்ணெய்க்கும் கொடுக்காதீர்கள், புதைத்துவிடுங்கள். மற்றவற்றை இரண்டு மூன்று வெயிலில் மறுபடி காயவைத்து, துளை விழுந்ததையும் உடைந்ததையும் நீக்கி, சணல் சாக்கில் கோதோடேயே கட்டுங்கள். கோது இருக்கும்வரை பருப்புக்குக் காவல் உண்டு, தேவைப்படும்போது மட்டும் உடைத்துத் தெரிந்துகொள்ளலாம். நான்கு கல் வைத்து மேலே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். ஈரப்பதத்தில் சந்தேகம் இருந்தால் ஒரு கைப்பிடியைக் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பருப்பில் எட்டு வீதத்துக்குக் கீழே இருந்தால் பயமில்லாமல் வைக்கலாம்.